மூன்று பாகம் நீளப் படகு

அந்த வருடம் ஒருவரையும் நம்புவதில்லை என்று அப்பா முடிவெடுத்திருந்தார். யூரோ வந்த மறு வருடம் அது. எனக்குப் பத்து வயது. ஹம்பேர்க்கில், எல்பே ஆறு இரண்டாகப் பிரிந்து ஓடுகிற இடத்தில் நடுவில் கிடக்கும் பகுதியில், பழைய கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடியில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கை. அத்தைக்கு இருபத்தொன்பது வயது. ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை செய்தார்.

நம்பாமைக்குக் காரணம் அத்தையின் கலியாணம். ஸ்ருட்கார்ட் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்து, மோதிர அளவு கேட்கும்வரை போய், பிறகு ஒருநாள் தொலைபேசியில் முறிந்தது. "பிள்ளைக்கு வயது கூட" என்றார்கள். வயது அவர்களுக்கு முதல் நாளே தெரியும். ஆகவே யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள் என்று அப்பா தீர்மானித்தார்.

சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அப்பாவின் தகப்பன், எங்கள் அப்பப்பா, இலங்கையில் மன்னாரில் வள்ளம் வைத்துக் கடற்தொழில் செய்தவர். அப்பாவும் பதினெட்டு வயதுவரை அவரோடு கடலுக்குப் போனவர். ஆனால் ஜெர்மனியில் எங்களைத் தெரிந்த எல்லாரிடமும் அப்பப்பாவுக்குப் பலசரக்குக் கடை இருந்ததாகச் சொல்லியிருந்தோம். கடை என்று சொன்னால் நல்ல இடத்தில் கலியாணம் நடக்கும், வள்ளம் என்று சொன்னால் நடக்காது. அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது. கேட்டபோது அம்மா, "அது பெரியாக்களின்ரை கதை. நீ வாயைத் திறக்காமல் இருந்தால் காணும்" என்றார். வாயைத் திறக்காமல் இருப்பது எனக்கு எப்போதும் இலகுவான வேலை.

சொன்னது யார் என்று அப்பா தேடத் தொடங்கினார். பெரிய ஸ்ரேசனுக்குப் பக்கத்தில் தமிழ்க்கடை வைத்திருந்தவர், மாதா கோயிலில் பாட்டுப் படிக்கிற அக்கா, அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி என்று ஒவ்வொரு கிழமையும் ஒருவர் குற்றவாளியானார். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசையில் அப்பா பீடத்தைப் பார்ப்பதில்லை. முன்வரிசைகளில் இருந்தவர்களின் பிடரிகளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். பிடரியில் எழுதியிருக்கும் என்று நினைத்தாரோ தெரியாது.

இந்த நேரத்தில்தான் கீழ்வீட்டு மனிதர் எங்கள் வாழ்க்கைக்குள் வந்தார்.

அப்பா பழைய சோபா ஒன்றை யாரிடமோ வாங்கி, சிநேகிதரின் காரின் மேல் கயிற்றால் கட்டிக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். கீழ்வீட்டு மனிதர் கதவடியில் புகைத்துக்கொண்டு நின்றார். குள்ளமான, அகலமான மனிதர். அதுவரை அவரை வியட்நாம்காரர் என்றுதான் எண்ணியிருந்தோம். அவர் சோபாவைப் பார்க்கவில்லை. கிட்ட வந்து கயிற்றின் முடிச்சைப் பார்த்தார். விரலால் தொட்டுப் பார்த்தார். "இதை எங்கே பழகினீர்கள்?" என்று ஜெர்மனில் கேட்டார்.

"வேலையிலை" என்றார் அப்பா.

அப்பா வேலை செய்தது பாண் சுடுகிற தொழிற்சாலையில். அங்கே கட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

மேலே வந்ததும் அப்பா யன்னல் திரையை இழுத்து மூடினார். "முடிச்சைப் பற்றி அவனுக்கு என்ன கேள்வி? ஆரோ கேக்கச் சொல்லி விட்டிருக்கினம்" என்றார். அம்மா, "வியட்நாம்காரனுக்கும் உங்கடை தங்கச்சியின்ரை கலியாணத்துக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று கேட்டார். அப்பா மற்ற யன்னலின் திரையையும் இழுத்து மூடினார்.

சில நாட்களில் நிலக்கீழ் அறைப் பக்கமிருந்து மரம் சீவுகிற சத்தம் வரத் தொடங்கியது. ஒவ்வொரு வீட்டுக்கும் அங்கே பலகையால் அடைத்த ஒரு சிறிய கூடு உண்டு. எங்கள் அரிசி மூட்டைகள் அங்கேதான் இருந்தன. சைக்கிள்கள் நிறுத்தும் நீளமான அறையில் அந்த மனிதர் ஏதோ செய்துகொண்டிருந்தார். அம்மா ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு ஓடிவந்தார். "நீட்டுக்கு ஒடுக்கமா இருக்கு. நடுவிலை ஒரு ஆள் மட்டும் போற ஓட்டை. சவப்பெட்டிதான்."

என்னை அனுப்பினார்கள். எனக்குத்தான் ஜெர்மன் நன்றாக வரும். கூச்சமுள்ள பிள்ளை என்றபடியால் யாரும் சந்தேகப்படவும் மாட்டார்கள். கையில் அரிசி அள்ளுகிற பாத்திரத்தோடு போய் வாசலில் நின்றேன்.

மரச்சட்டங்களும் விலா எலும்புகள் மாதிரி வளைத்த கம்புகளுமாக ஒரு மீனின் முள்ளைப்போல அது கிடந்தது. ஓர் ஆணிகூட இல்லை, எல்லாம் கயிற்றால் கட்டியது. அந்த மனிதர் என்னைக் கண்டு, "கேள், கேள். எல்லாரும் கேட்கிறார்கள்" என்றார்.

"சவப்பெட்டியா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்த சிரிப்பில் சைக்கிள் மணி ஒன்று அதிர்ந்தது. அது கயாக் என்றார். தான் கிறீன்லாண்ட்காரர் என்றார். "அப்ப நீங்கள் எஸ்கிமோவா?" என்றேன். "அது மற்றவர்கள் வைத்த பெயர். நாங்கள் இனுயிட்" என்றார். கோபமில்லை. பலதடவை சொல்லிப் பழகிய குரல்.

கயாக்கை அளவுநாடாவால் அளப்பதில்லையாம். யார் அதில் போகப்போகிறாரோ அவருடைய உடம்புதான் அளவு. கைகள் இரண்டையும் விரித்தால் ஒரு விரல் நுனியிலிருந்து மற்ற விரல் நுனிவரை எவ்வளவோ அதில் மூன்று மடங்கு நீளம். இடுப்பும் மடக்கிய இரண்டு கைமுட்டியும் சேர்ந்தது அகலம். ஆகவே ஒருவருடைய கயாக் இன்னொருவருக்குச் சரிவராது. இரவல் கயாக் ஆளைக் கவிழ்த்துவிடும் என்று அவருடைய ஊரில் சொல்வார்களாம்.

"நீங்கள் நிறையக் கட்டியிருக்கிறீர்களா?"

அவர் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இதுதான் முதல். ஒருவருக்கும் சொல்லாதே. நான் ஒரு பட்டணத்து மாடிக் குடியிருப்பில், மூன்றாம் மாடியில் பிறந்தவன். கயாக்கில் போனவர் என் பாட்டனார். இங்கே ஒரு ஜெர்மன்காரர் கூட்டம், ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கயாக் மாதிரியே செய்து வைத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். என்னைப் பிடித்துக்கொண்டார்கள். கவிழ்ந்து மறுபக்கத்தால் எழும்புவது எப்படி என்று என்னிடம் கேட்கிறார்கள். அது எங்கள் மக்களின் ரகசியம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்."

"உண்மையாக ரகசியமா?"

"எனக்கு நீந்தவே தெரியாது" என்றார். பிறகு ஒரு விலாவைத் தடவிக்கொண்டு, "என்றாலும் அவர்களிடம் கயாக் இருக்கிறது, என்னிடம் இல்லை. அது சரியில்லைதானே?" என்றார். அது சரியா சரியில்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

இரவுச் சாப்பாட்டின்போது, அந்த ரகசியத்தைத் தவிர எல்லாவற்றையும் ஒப்பித்தேன். கை விரித்து அளப்பதைச் சொன்னபோது அப்பா சோற்றுக் கோப்பையிலிருந்து தலையை எடுக்காமல், "மூண்டு பாகம். அந்த ஒடுக்கத்துக்கு அது காணும்" என்றார்.

"பாகம் எண்டால் என்னப்பா?"

அம்மா கரண்டியைச் சத்தமாக வைத்தார். பாகம் என்பது கடற்காரரின் அளவு என்பதும், கடை வைத்திருந்தவரின் மகனுடைய வாயில் அது வரக்கூடாது என்பதும் அம்மாவின் முகத்தில் தெரிந்தது. அத்தை மட்டும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

அடுத்த நாளிலிருந்து அப்பா அரிசி எடுக்கக் கீழே போகத் தொடங்கினார். அதுவரை அவர் அரிசி எடுத்ததே கிடையாது. ஒரு மாதத்தில் குசினியில் மூன்று அரிசி மூட்டைகள் சேர்ந்துவிட்டன. யாரையும் நம்பாதே என்று எனக்குச் சொல்லித் தந்தவர் அப்பாதான். ஆகவே நான் அப்பாவைச் சந்தேகிக்கத் தொடங்கினேன்.

ஒரு சனிக்கிழமை பின்னால் போனேன். அப்பா நிலத்தில் முழங்காலிட்டு இருந்தார். கிறீன்லாண்ட்காரர் கட்டிய கட்டுகள் எல்லாம் அவிழ்ந்து கிடந்தன. அப்பா ஒவ்வொன்றாகத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார். பாண் தொழிற்சாலையில் மாவு தட்டிய கைகள், நான் அதுவரை காணாத வேகத்தில் போய்வந்தன. கயிற்றின் நுனியைப் பல்லில் கடித்து இழுத்தார். கிறீன்லாண்ட்காரர் ஒரு பெட்டியின்மேல் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். அதைவிட அதிசயம், அப்பா கதைத்துக்கொண்டிருந்தார். ஜெர்மனில். அலுவலகங்களில் இரண்டு சொல்லுக்குமேல் பேசாத அப்பா, அப்பப்பாவின் வள்ளத்தைப் பற்றி, சோளகக் காற்றைப் பற்றி, தெரிந்த சொற்களை வைத்தும் தெரியாததற்குக் கையை வைத்தும் கொட்டிக்கொண்டிருந்தார்.

என்னைக் கண்டதும் எழும்பி முழங்காலைத் தட்டினார். "அம்மாவுக்குச் சொல்லாதை. அத்தைக்கும் சொல்லாதை."

சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்கு நித்திரை ஒழுங்காக வரவில்லை. ஊரில் உள்ளவர்களின் வாயை எல்லாம் சந்தேகித்துக்கொண்டு, அப்பாவே அந்த ரகசியத்தை ஒரு வேற்று மனிதரிடம் கொடுத்துவிட்டாரே. ஸ்ருட்கார்ட்காரருக்குச் சொன்னதும் அப்பாதானோ என்றுகூட ஒருமுறை யோசித்தேன்.

செப்ரெம்பரில் டோட்முண்டிலிருந்து அடுத்த சம்பந்தம் வந்தது. முதலில் பெரியவர்கள் மட்டும் வந்து பார்ப்பதாகச் சொன்னார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாப்பிள்ளையின் தாயும் தாய்மாமனும் வந்தார்கள். தாய் ஊரிலிருந்து மூன்று மாத விசாவில் வந்திருந்தவர். தாய்மாமன் பத்துப் பன்னிரண்டு வருடமாகத் தமிழ்ச் சாப்பாட்டுக்கடைக் குசினிகளில் வேலை செய்தவர், ஜெர்மன் அரைகுறை. புதிய சோபாவில், அதாவது பழைய சோபாவில், இருவரும் இருந்தார்கள்.

அத்தை தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். தாய்மாமன் தொடங்கினார்.

"மன்னார் எண்டால் எவடம்?"

"ரவுணுக்குள்ளைதான்."

"எந்தக் கோயில் பங்கு?"

அப்பா ஒரு பெயர் சொன்னார். அது நாங்கள் கேள்விப்பட்ட கோயில் இல்லை.

"கடை எண்டு சொன்னவை. என்ன கடை?"

"பலசரக்கு."

"எந்தச் சந்தியடி?"

அப்பா கழுத்துப் பட்டியைத் தளர்த்தினார். அம்மா ஓடிவந்து, "அண்ணை, ரோல்ஸ் ஆறப்போகுது, இன்னுமொண்டு எடுங்கோ" என்றார். தாய்மாமன் எடுத்தார். மாப்பிள்ளையின் தாய் சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்துக்கொண்டு, "பிள்ளை லட்சணமா இருக்கு" என்றார். அந்த ஒரு வசனத்தில் வீட்டின் மூச்சுத் திரும்பியது. அடுத்த மாதம் மாப்பிள்ளையைக் கூட்டி வருவதாகச் சொல்லி அவர்கள் எழும்பினார்கள். அப்பாவும் நானும் வழியனுப்பக் கீழே போனோம்.

முற்றத்தில் கயாக் நின்றது.

அன்றைக்கென்று கிறீன்லாண்ட்காரர் அதை வெளியே கொண்டுவந்திருந்தார். கித்தான் போர்த்து, சாம்பல் நிறம் பூசி, இரண்டு மரக்கால்களின் மேல் வைத்திருந்தார். ஜெர்மன்காரர் ஏழெட்டுப் பேர் கமராக்களோடு சுற்றி நின்றார்கள். கால்வாயில் முதல்முறையாக இறக்கப்போகிறார்கள் என்று விளங்கியது. கிறீன்லாண்ட்காரர் கறுப்பு ரப்பர் உடுப்புக்குள் வேர்த்துக்கொண்டு நின்றார். அப்பாவைக் கண்டதும் அவருடைய முகம் மலர்ந்தது. இரண்டு கைகளையும் தூக்கினார்.

"இதோ வருகிறார்! இந்த மனிதர் இல்லாவிட்டால் இது தண்ணீரைத் தொட்டதும் கழன்று போயிருக்கும். இவருடைய தகப்பன் கடலுக்குப் போனவர், தகப்பனின் தகப்பனும் போனவர். இங்கே நிற்கிறவர்களில் உண்மையான கடல்மனிதர் இவர் ஒருவர்தான். நானோ மூன்றாம் மாடியில் பிறந்தவன்!"

அத்தனை பேர் முன்னாலும் அவர் தன்னுடைய குட்டையும் உடைத்துவிட்டார். ஜெர்மன்காரர் கை தட்டினார்கள். அப்பா அசையவில்லை.

தாய்மாமன் என்னிடம் குனிந்தார். "என்னவாம் பிள்ளை சொல்லுறார்? தேப்பன் எண்டும் கடல் எண்டும் என்னவோ விளங்குது."

அப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கட்டளை இல்லை, கெஞ்சல் இருந்தது. அப்பா என்னை அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. டொக்டரிடமும் பள்ளிக்கூடத்திலும் வெளிநாட்டவர் அலுவலகத்திலும் அவருக்காக மொழிபெயர்த்திருக்கிறேன். சொன்னதைச் சொன்னபடி சொல்வதுதான் என் வேலை.

"அது... அவற்ரை தேப்பன், மாமா" என்றேன். "அவற்ரை தேப்பனும் அவற்ரை பாட்டனும் கடலுக்குப் போற ஆக்களாம். எங்கடை அப்பா மரம் தூக்க உதவி செய்தவராம்."

தாய்மாமனின் முகம் இளகியது. "எஸ்கிமோக்கள்தானே. மீன்பிடிக்கிறதைவிட வேறை என்ன தெரியும் அதுகளுக்கு" என்று தமக்கையிடம் சொன்னார்.

கிறீன்லாண்ட்காரர் கயாக்கின் முனையைப் பிடித்துக்கொண்டு, "வாருங்கள், நீங்கள்தான் முன்பக்கம் தூக்கவேண்டும்" என்று அப்பாவை அழைத்தார்.

அப்பா, "எனக்கு இதெல்லாம் தெரியாது. எனக்கு நேரமில்லை" என்றார். மிகவும் திருத்தமான ஜெர்மனில் சொன்னார். அவருடைய கைகள் காற்சட்டைப் பைக்குள் போய்விட்டன. கிறீன்லாண்ட்காரர் கயாக்கின் மேலிருந்த கயிற்றைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டார்.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று நினைத்தேன். கார்க் கதவு திறந்திருந்தது. அப்போதுதான் பின்னால் அத்தையின் குரல் கேட்டது. மாப்பிள்ளையின் தாய் மறந்துவிட்டுப் போன சால்வையைக் கொண்டு ஓடிவந்தவர், எப்போதிருந்து கதவடியில் நின்றார் என்று தெரியாது.

"மாமி, இவள் சின்னப்பிள்ளை, மாத்திச் சொல்லிப்போட்டாள்" என்றார். சால்வையை ஒழுங்காக மடித்து அவருடைய கையில் வைத்தார். "அவர் சொன்னது எங்கடை அப்பாவை, இவளின்ரை அப்பப்பாவைத்தான்."

தாய்மாமன் நிமிர்ந்தார். "அப்ப கடை?"

"கடை எங்களுக்கு இருக்கேல்லை. வள்ளம் இருந்தது." கொஞ்சம் பொறுத்து, "ரெண்டு" என்றும் சொன்னார்.

மாப்பிள்ளையின் தாய் சால்வையைப் போர்த்திக்கொண்டார். "சரி பிள்ளை, போட்டு வாறம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கார் முற்றத்தைவிட்டு வெளியே போகும்வரை அப்பா ஒரு கையை மட்டும் பையிலிருந்து எடுத்து அசைத்துக்கொண்டே நின்றார்.

அத்தை அப்பாவின் பக்கம் திரும்பினார். "அண்ணை, முதல் ஆக்களுக்கும் நான்தான் போன் எடுத்துச் சொன்னனான். இனிமேலும் பூசையிலை சனத்தின்ரை பிடரியைப் பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ."

அப்பா அடிப்பார் என்று நினைத்தேன். அவர் மற்றக் கையையும் பைக்குள்ளிருந்து எடுத்தார். பூசைக்குப் போடுகிற சப்பாத்தோடு நடந்துபோய் கயாக்கின் முன்முனையைத் தூக்கினார். கிறீன்லாண்ட்காரர் ஒன்றும் கேட்காமல் பின்முனையைத் தூக்கினார். ஜெர்மன்காரர் கமராக்களோடு பின்னால் போனார்கள். கால்வாயில் இறங்கிய அரை நிமிடத்தில் கிறீன்லாண்ட்காரர் கவிழ்ந்தார். மறுபக்கத்தால் எழும்பவில்லை. அப்பா நெஞ்சளவு தண்ணீருக்குள் பாய்ந்து அவரை இழுத்தெடுத்தார் என்றும், எடுத்து நிறுத்தியதும் திரும்பவும் ஏறச்சொல்லித் தமிழில் ஏசினார் என்றும், அவர் விளங்கியதுபோலத் தலையாட்டிவிட்டுத் திரும்ப ஏறினார் என்றும் அத்தை வந்து சொல்லித்தான் தெரியும். நான் போகவில்லை. முற்றத்தில் சைக்கிள்களுக்கு நடுவே நின்று அழுதுகொண்டிருந்தேன்.

ஒரு கிழமை கழித்து டோட்முண்டிலிருந்து தொலைபேசி வந்தது. பிள்ளைக்கு வயது கூடவாம். அம்மா இரண்டு நாள் சமைக்கவில்லை. அப்பா யாரைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் அத்தையோடு கதைப்பதை நிறுத்தினேன். இவ்வளவு நாள் நாங்கள் தேடிய குற்றவாளி எங்கள் வீட்டிலேயே, என்னுடைய அறையிலேயே, எனக்குப் பக்கத்துக் கட்டிலிலேயே படுத்திருந்திருக்கிறார். அதுவும் நான் அவருக்காக அவ்வளவு நல்ல ஒரு பொய் சொன்ன பிறகு.

கடைசியில் அத்தையே என் கட்டிலில் வந்து இருந்தார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "ஏன் சொன்னனீங்கள்?" என்று கேட்டேன்.

"நீ அண்டைக்கு ரெண்டு நிமிசம்தான் பொய் சொன்னனி" என்றார் அத்தை. "அதுக்கே புதுச்சட்டையை ரெண்டு கையாலையும் பிடிச்சுக் கசக்கிப்போட்டாய். அயன் பண்ணியும் போகேல்லை. நான் கட்டிப் போற வீட்டிலை முப்பது நாப்பது வரிசம் இருக்கோணுமே, பிள்ளை."

என்னைக் கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தேன். அவருடைய கலியாணம் குழம்பியதற்கு நான் சட்டையைக் கசக்கியது காரணம் என்கிறார் என்று விளங்கிக்கொண்டேன். அத்தை வேலைக்குப் போன பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டினேன். கண்ணாடிக்கு முன்னால் கைகளை இரண்டு பக்கமும் நேராகத் தொங்கவிட்டு, எங்கள் அப்பப்பாவுக்கு மன்னாரில் பலசரக்குக் கடை இருந்தது என்று, விரல் ஒன்றும் அசையாமல் சொல்ல வரும்வரை சொல்லிப் பழகினேன்.